பட்டம் கட்ட எட்டு ஞாயிறு

இப்போதெல்லாம் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. ஆதிநாராயணனுக்கு இந்தக் காலத்து ஜனங்கள்மேல் இருக்கிற பெரிய குறையே அதுதான். முன்பெல்லாம் ஒருத்தன் குடித்துவிட்டு வந்தால் பெண்டாட்டி துடைப்பத்தை எடுப்பாள், மாமியார் மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். விடிந்தால் கதை முடிந்தது. இப்போது போனில் மெல்லிசான குரலில் பேசி அனுப்புகிறார்கள். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்கிறார்கள். கேட்டு முடித்த பிறகு திட்டு வாங்கினோமா வாழ்த்து வாங்கினோமா என்று நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு வந்ததும் அப்படி ஒரு போன் பேச்சுதான். அனுப்பியவள் ஹரிப்ரியா, தங்கை சுந்தரியின் மகள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற, ஆளை அனுப்புகிற வேலை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், திருச்சானூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. அவள் சொன்னது இவ்வளவுதான்: மாமா, தாய்மாமன்னு எனக்கு நீங்க ஒருத்தர்தான், பட்டம் நீங்கதான் கட்டணும்னு எனக்கு ஆசை, ஆனா அதுக்குள்ள எட்டு ஞாயித்துக்கிழமை இருக்கு, குடியை விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம் ஒண்ணு இருக்கு, எட்டு வாரமும் அதுக்குப் போங்க. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சுந்தரி நேரில் வந்து சொன்னாள். அவள் ஒருத்திதான் இன்னும் பழைய மாதிரி.

"நீ போகலன்னா லோகேஸ்வரன் கட்டுவான். அவனுக்குப் பட்டு வேட்டி எடுத்து வெச்சாச்சு. போனேன்னு சும்மா வந்து சொல்லாத ண்ணா, கையெழுத்து வாங்கிகினு வா. உன் வாயை நான் நம்ப மாட்டேன்."

லோகேஸ்வரன் சித்தப்பன் மகன். அவனும் முறைக்கு மாமன்தான். ஆனால் கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது சித்தப்பன் மகன் மணமேடை ஏறிப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால், வந்திருக்கிற அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறவன் எங்கே என்று தேடுவார்கள். புத்தூரிலிருந்து நகரி வரைக்கும் சொந்தக்காரர்கள். தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுந்தரி நம்பாததில் தப்பில்லை என்று ஆதிநாராயணனுக்கே தெரியும். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஹரிப்ரியாவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பட்டுப் பாவாடை, வளையல், மஞ்சள், பழம் எல்லாம் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வழியில் மேளக்காரர்களோடு கொஞ்சம் போட்டார். கால் வலிக்கிறதே என்று அவர்களுடைய வேனில் ஏறி உட்கார்ந்தார். அந்த வேன் வேலை முடித்துத் திரும்புகிற வேன் இல்லை, அடுத்த வேலைக்குப் போகிற வேன். கண் விழித்தபோது பலமனேர். வெளியே பந்தல், வாழைமரம், மேளம், மஞ்சள் பூசிய ஒரு பெண். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று இறங்கி, தட்டை நீட்டி, அட்சதை போட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து மோர் கேட்டபோதெல்லாம் ஊற்றினார்கள். இங்கே புத்தூரில் ஹரிப்ரியா பழைய பாவாடையோடு மனையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் குடியை விடாமல் இல்லை. நிறைய தடவை விட்டிருக்கிறார். மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விட்டார். மாலையைக் கழற்றிய அன்றைக்கு நாற்பத்தொரு நாள் பாக்கியைச் சேர்த்துக் குடித்தார். கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு விட்டார். சாமிக்கு மரியாதை குறையக் கூடாது என்று குடிக்கப் போகும் முன்னால் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார், வந்து மறுபடி கட்டிக்கொள்வார். பெண்டாட்டி கோவிந்தம்மாள் யாரோ கொடுத்த மருந்தைச் சாம்பாரில் கலந்து வைத்தாள். அவர் சாம்பாரை விட்டார்.

ஆகவே கூட்டம்.

சித்தூரில் வியாழக்கிழமை ஒரு கூட்டம் உண்டு, திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு என்று ஹரிப்ரியா விசாரித்துச் சொல்லியிருந்தாள். வியாழனோ ஞாயிறோ, எட்டு வாரம் ஆனால் சரி. ஆதிநாராயணன் சித்தூர் வேண்டாம் என்றார். நாற்பது வருஷமாக அந்த ஊர் மண்டிக்கு மாங்காய் போடுகிறவர், தெரிந்த முகங்கள் அதிகம். அவர் குடித்துவிட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் விழுந்ததைப் பார்க்காத ஆள் அங்கே இல்லை. ஆனாலும் குடியை விடுவதற்காகப் படியேறுகிறதை ஒருத்தன் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று பட்டது. மானம் என்பது எங்கே இருக்கிறது, எப்போது போகும் என்று அவருக்கு ஒரு தனிக் கணக்கு.

ஹரிப்ரியா போனில் வழி அனுப்பியிருந்தாள். போனில் நீலக் கோடு காட்டுகிற வழியை அவர் நம்புகிறவர் இல்லை. மூன்றாவது வரைக்கும் தமிழில் படித்தவர். தெலுங்கில் பஸ் போர்டு படிப்பார், அதுவும் தெரிந்த ஊர் என்றால். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓர் ஆட்டோக்காரனிடம், ஞாயித்துக்கிழமை மீட்டிங் நடக்கிற எடத்துக்குப் போ என்றார். எந்த மீட்டிங் என்று அவன் கேட்டான். பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிற இடத்தில் குடிகாரங்க மீட்டிங் என்று எப்படிச் சொல்வது? ஜனங்க வந்து அவங்கவங்க கதையைச் சொல்லுவாங்களே அந்த மீட்டிங் என்றார். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு லாட்ஜின் வாசலில் இறக்கிவிட்டான்.

மாடியில் ஹால். வாசலிலேயே கோட்டு போட்ட ஓர் இளவட்டம் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, "ரண்டி ரண்டி, கூச்சோண்டி" என்று முதல் வரிசையில் உட்காரவைத்தான். பவன்குமார் என்று பெயர். பிறகு ஒவ்வொருத்தராக மேடையேறிப் பேசினார்கள். ஒருத்தன், என் வாழ்க்கை நாசமாப் போயிருந்தது என்றான். ஒருத்தி, சொந்தக்காரங்க என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போவாங்க என்றாள். இன்னொருத்தன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதைச் சொல்லி அழுதான். இங்கே வந்த பிறகு எல்லாம் மாறிப்போச்சு என்று எல்லோரும் முடித்தார்கள். எல்லோருக்கும் கைதட்டல். யாருடைய வாயிலும் பிராந்தி என்ற சொல் வரவில்லைதான். நாகரிகமான ஜனங்கள், வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள் என்று ஆதிநாராயணன் நினைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். ஏலக்காய் வாசனை, வாயில் மாவு மாதிரி ஒட்டியது. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார்.

உலகத்தில் ஒருத்தனையும் நம்பாதவர் அவர். பால்காரன் கறக்கும்போது பக்கத்தில் நிற்பார். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்று, மறுநாள் உயிரோடு இருந்தால்தான் மீதிப் பாதி. அப்பேர்ப்பட்டவர் அந்தக் கோட்டு போட்டவனை நம்பினார். பொடியைக் காலையும் மாலையும் கலக்கிக் குடித்தார். அதிசயம், பொடி வேலை செய்தது. கடைசியாகக் குடித்தது முதல் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. இரண்டாவது ஞாயிறு தாண்டியும் பிராந்திக்கடைப் பக்கம் கால் போகவில்லை. இரவில் உடம்பு வியர்த்துக் கொட்டியது, கை உதறியது. மருந்து கெட்டதையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று கோவிந்தம்மாளிடம் விளக்கம் சொன்னார். அவள் அவரைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இரண்டாவது ஞாயிறு பவன்குமார், அடுத்த வாரம் எல்லோரும் ஆளுக்கு இரண்டு பேரை அழைத்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தான். உங்களைப் போலவே கஷ்டப்படுகிறவர்களாகப் பார்த்து அழைத்து வாருங்கள் என்றான். ஆதிநாராயணனுக்கு யாரைத் தேட வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிராந்திக்கடைக்குப் பக்கத்தில் அவித்த கடலை விற்கிற முனுசாமியையும், அவன் மச்சானையும் சட்டை மாற்றச் சொல்லி இட்டுக்கொண்டு போனார்.

புதிதாக வந்தவர்களை எழுந்து நின்று அவரவர் ஆசையைச் சொல்லச் சொன்னார்கள். முனுசாமி எழுந்தான். மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். "குடியை விடலாம்னு ண்ணன் இட்டுகினு வந்தாரு. நானும் விட்டுடறேன். தைரியத்துக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுகினு வந்தேன், அதை மட்டும் கணக்குல சேக்காதீங்க" என்றான்.

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பவன்குமார் ஆதிநாராயணனைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போய், இங்கே என்ன நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டான். அவர் சொன்னார். அவன் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அது ஆள் சேர்த்துச் சத்துமாவு விற்கிற கூட்டம். ஆளுக்கு ஆள் சேர்த்தால் கமிஷன். பதினாறு நாள் அவரைக் குடிக்காமல் வைத்திருந்தது சோயா மாவும் ஏலக்காயும்.

பவன்குமார் நல்ல பையன்தான். அவருடைய போனை வாங்கி ஹரிப்ரியா அனுப்பிய வழியைத் திறந்து பார்த்து, நீங்கள் தேடுகிற இடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினான். மூன்று வாரமாக அந்த நீலக் கோடு ஜேபியிலேயே இருந்திருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் முடிந்திருந்தது. எட்டில் மூன்று போயிற்று.

நாலாவது ஞாயிறு சரியான இடத்துக்குப் போனார். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் சின்னப் பள்ளிக்கூடம், ஒன்றாம் வகுப்பு அறை. சுவரில் யானை, ஆப்பிள் படங்கள். முழங்கால் உயர பெஞ்சுகளில் பன்னிரண்டு பெரிய ஆண்கள் குந்தியிருந்தார்கள். மேடை இல்லை, கோட்டு இல்லை, பொடி இல்லை. பேனர்கூட இல்லை. மோசடி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அப்போதே பட்டது. வரவேற்றுக் கையைப் பிடிக்கக்கூட ஆள் இல்லாத கூட்டத்தை எப்படி நம்புவது?

நடத்தியவர் ஜெபகுமார். அரக்கோணத்துக்காரர், ரேணிகுண்டாவில் வேலை. நாற்பது வயசு இருக்கும். என் பெயர் ஜெபகுமார், நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்தார். அடுத்தவர் அதையே தெலுங்கில் சொன்னார். ஆளுக்கு ஆள், வாய்க்கு வந்த மொழியில், பாதியில் மொழி மாறிப் பேசினார்கள். மூன்றாவதாகப் பேச எழுந்தவரைப் பார்த்ததும் ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். சித்தூர் மண்டியில் எடை போடுகிற ஜெயபிரகாஷ். அவரும் இவரைப் பார்த்துவிட்டார். சித்தூரில் கூட்டம் இருக்கும்போது இந்த ஆள் எதற்குத் திருப்பதி வந்தான் என்று ஆதிநாராயணன் யோசித்தார். பதில் தெரிந்த கேள்விதான்.

ஜெயபிரகாஷ் தன் கதையைச் சொன்னார். சீசனில் காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டுத்தான் தராசுக்கு வருவாராம், முள் இரண்டாகத் தெரியுமாம், எது வசதியோ அதை எழுதிவிடுவாராம். ஆதிநாராயணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷமாக எடையில் சந்தேகம் என்று அவர் கத்தியபோதெல்லாம் குடிகாரக் கிழவன் உளறுகிறான் என்று மண்டியில் சிரித்தார்கள். சரியாகத்தான் உளறியிருக்கிறார். ஆனால் கூட்டம் முடிகிற நேரத்தில் ஜெபகுமார், இங்கே கேட்டதை வெளியே போய்ச் சொல்லக் கூடாது என்றுவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் சொன்னது நிஜம் என்று ருசுவாகிறது, அதை யாரிடமும் சொல்லக் கூடாது.

அவர் முறை வந்தபோது பலமனேர் கதையைச் சொன்னார். சிரிக்கவைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று திட்டம். சிரித்தார்கள். பிறகு ஒரு தச்சு ஆசாரி எழுந்து, தானும் இப்படித்தான், தன்னுடைய சொந்தத் தம்பியின் சாவுக்குப் போகிறேன் என்று வேறு தெருவில் வேறு பிணத்துக்கு மாலை போட்டு அழுதுவிட்டு வந்ததாகச் சொன்னார். இன்னொருத்தர் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். ஆதிநாராயணனுக்குக் கோபம் வந்தது. பதிமூன்று வருஷமாக உலகத்திலேயே தனக்கு மட்டும் நடந்த அவமானம் என்று பொத்தி வைத்திருந்தது, இங்கே வந்தால் மூன்றாம் இடம்கூடக் கிடைக்காது போலிருக்கிறது.

முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து ஜெபகுமாரிடம் நீட்டினார். இன்றைய தேதி போட்டு ஒரு கையெழுத்து.

"இங்க யாரும் யாருக்கும் கையெழுத்து போடறதில்லீங்க ஐயா" என்றார் ஜெபகுமார்.

"கையெழுத்து இல்லன்னா என் தங்கச்சி நம்ப மாட்டா."

"நம்ப மாட்டாங்கதான்."

"அப்ப நான் இன்னாத்துக்கு வரணும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

எதிரில் இருக்கிற ஆளைத் தேற்ற ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவனெல்லாம் கூட்டம் நடத்துகிறான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆதிநாராயணன் பொருமினார். ஆனாலும் எட்டு என்பது எட்டு.

ஐந்தாவது ஞாயிறு, எத்தனை நாள் ஆயிற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் விரல் விட்டு எண்ணி, முப்பது என்றார். அறையே கை தட்டியது. ஜெயபிரகாஷும் தட்டினார். அறுபத்தாறு வயசில் அவருக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அவருடைய கல்யாணத்தில்கூடத் தட்டவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ பொங்கியது. படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, புத்தூர் பஸ்ஸுக்காக நின்றபோதும் பொங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோஷத்தைக் கொண்டாட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். குடிக்காமல் முப்பது நாள் இருந்ததற்காக ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்தார். இரண்டாவது குவார்ட்டர் எதற்காக என்பதற்குக் காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

மறுநாள் கோவிந்தம்மாள் சாம்பார் வைக்காமல் ரசம் வைத்தாள். அதில் என்ன அர்த்தம் என்று அவர் நாள் முழுக்க யோசித்தார்.

ஆறாவது ஞாயிறு எத்தனை நாள் என்று கேட்டபோது, நிஜத்தில் ஏழு. அவர் வாய் முப்பத்தேழு என்றது. கை தட்டினார்கள். ஏழாவது ஞாயிறு நாற்பத்துநாலு. தட்டினார்கள். எட்டாவது ஞாயிறு ஐம்பத்தொன்று. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். மாங்காய்க்கு அடியில் கல்லை வைத்து எடை போட்டவனுக்குத் தராசு முன்னால் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. எதிரே ஜெயபிரகாஷ் யானைப் படத்தின் கீழே உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு எடையில் பொய் தெரியும். ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து தட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. மத்தியானம் திருச்சானூர் மண்டபத்துக்குப் போனார் ஆதிநாராயணன். சுந்தரி சமையல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவள் இவரைப் பார்த்ததும் கிட்டே வந்து, நெற்றியில் விபூதி கலைந்திருக்கிறது என்று துடைக்கிற சாக்கில் மோந்து பார்த்தாள். லவங்க வாசனை வந்தாலே சந்தேகம் வரும் என்று அவர் அன்றைக்கு வெற்றிலைகூடப் போடவில்லை. கையெழுத்துக் காகிதம் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரன் புது வேட்டியின் மடிப்பைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், அவனும் என்ன செய்வான்.

மாடி அறையில் ஹரிப்ரியா மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த பெண்களை அனுப்பிவிட்டு, உட்காருங்க மாமா என்றாள். அவர் உட்காரவில்லை. எத்தனை கூட்டம் போனீங்க என்று கேட்டாள். கம்பெனியில் ஆளை நிறுத்தும்போதும் இதே குரலில்தான் கேட்பாள் போலிருக்கிறது.

எட்டு என்று சொல்லத்தான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். எட்டு கூட்டம், ஐம்பத்தைந்து நாள். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொன்னால் இவளும் சந்தோஷப்பட்டுவிடுவாள், மருதாணி கலைந்தாலும் பரவாயில்லை என்று கை தட்டினாலும் தட்டிவிடுவாள் என்று ஒரு பயம் வந்தது. இன்னொரு கைத்தட்டலை அவரால் தாங்க முடியாது.

"எட்டு வாரம் போனேன். அதுல மூணு வாரம் தப்பான எடம், மாவு விக்கறவனுங்க. சரியான எடம் அஞ்சுதான்" என்றார். நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தார், முடியவில்லை. "நடுவுல ஒரு நாள் குடிச்சுட்டேன். இன்னையோட இருபத்தஞ்சு நாள். அவங்ககிட்டகூட ஐம்பத்தொண்ணுன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன். நீ லோகேஸ்வரனையே கட்டச் சொல்லிடும்மா."

ஹரிப்ரியா மருதாணிக் கையை விரித்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எப்பவும் ஆறு மாசம்பீங்க, ஒரு வருஷம்பீங்க" என்றாள். "இவ்ளோ கம்மியா நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். கட்டுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் இந்தக் காலத்து ஜனங்கள்.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் யாரோ பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டது. சோடாவாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தார். சோடா இல்லை என்று அவருக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் அவர் பெரிய படிப்பு படித்தவர். காதில் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

காலையில் முகூர்த்தம். தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் சொன்னதும் மேடையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் எழுந்தார்கள். லோகேஸ்வரன் பட்டு வேட்டியில், ஆதிநாராயணன் வெளுத்த வேட்டியில். சுந்தரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள். ஹரிப்ரியா தலையை ஆதிநாராயணன் பக்கம் திருப்பி, கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

பட்டத்தை நெற்றியில் வைத்துப் பின்னந்தலையில் முடிச்சு போட வேண்டும். ஒரு குழந்தைகூடப் போட்டுவிடும் முடிச்சு. அவர் கை உதறியது. நூல் வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. முன் வரிசையில் யாரோ, காலையிலேயே ஏத்திகினு வந்துட்டாரு பாரு என்று முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. முப்பது வருஷம் குடித்துவிட்டு வந்தபோதெல்லாம் அவர் கை ஆடாமல் நின்றது. குடிக்காமல் வந்த அன்றைக்கு ஆடுகிறது. இதை எந்த சபையில் போய் விளக்குவது? லோகேஸ்வரன் உதவிக்குக் கையை நீட்டினான்.

"விடுங்க" என்றாள் ஹரிப்ரியா, குனிந்த தலையை நிமிர்த்தாமல். "அவரு கட்டட்டும்."

ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டே போனார். நாலாவது தடவை முடிச்சு விழுந்தது. கொஞ்சம் கோணல்தான். போட்டோவில் இடது பக்கம் இறங்கியிருப்பது இன்றைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் திருப்பதி போனார். வேலை முடிந்தது, இனி வர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை, சொல்லாமல் நின்றுவிடுவது இந்தக் காலத்துப் பழக்கம் என்று கோவிந்தம்மாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் டிவியை நிறுத்திவிட்டு, போகும்போது குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

அதே சின்ன பெஞ்சு, அதே ஆப்பிள். எத்தனை நாள் என்று முறை வந்தது. அவர் எழுந்து நின்றார். இருபத்தெட்டு என்றார். போன வாரம் ஐம்பத்தொன்று என்றது பொய், அதற்கு முன் சொன்ன இரண்டும் பொய், முதலில் சொன்ன முப்பது மட்டும் நிஜம், அதையும் அன்றைக்கே குடித்துத் தீர்த்தாயிற்று என்றார். எழுந்து போகச் சொல்வார்கள் என்று செருப்பைக் காலிலேயே வைத்திருந்தார்.

கை தட்டினார்கள். ஐம்பத்தொன்றுக்குத் தட்டிய மாதிரியே, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

முடிந்ததும் ஜெபகுமாரைப் பிடித்துக்கொண்டார். நிஜத்துக்கும் தட்டறீங்க, பொய்க்கும் தட்டறீங்க, ஐம்பத்தொண்ணுக்கும் இருபத்தெட்டுக்கும் ஒரே விலைன்னா இது இன்னா மண்டி என்று கேட்டார். ஜெபகுமார் பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே சிரித்தார். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா என்று மட்டும் கேட்டார். முடிந்தது, அதனால் இனி வர மாட்டேன் என்றார் ஆதிநாராயணன். சரிங்க என்றார் ஜெபகுமார்.

சரிங்க. அவ்வளவுதான். ஒருத்தன் வர மாட்டேன் என்கிறான், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கையைப் பிடித்து இழுக்க வேண்டாமா? மாவு விற்கிறவன்கூட லிஃப்ட் வரைக்கும் கூட வந்தான். ஆதிநாராயணன் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலைத் தாண்டினார். பின்னாலேயே ஜெயபிரகாஷ் வந்து, புத்தூர் வரைக்கும் பைக்கில் விடட்டுமா என்று கேட்டார். மண்டி எடைக்காரன் வண்டியில் ஏறுகிற அளவுக்கு இன்னும் புத்தி கெடவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நடக்க நடக்க அவருக்கு உறுதியானது. காசு வாங்குவதில்லை, பேர் எழுதுவதில்லை, கையெழுத்து கிடையாது, போனால் போ என்கிறார்கள். லாபம் இல்லாமல் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் குந்துவார்களா? எங்கோ ஓர் இடத்தில் கை வைக்கத்தான் போகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது, நல்ல பழகிய கையாகத் தெரிகிறது. கிட்டே உட்கார்ந்து கவனித்தால்தான் பிடிபடும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில் வெயில் அடித்தது. குடையை விரித்தார். ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்று உரக்கவே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.